மாஸ்டர் சின்னப்பனின் திரும்புகால் பாட்டு

சேசு மரி சூசை

சவேரியார்பட்டி
14-4-1971

அன்புள்ள தெரசா அக்காவுக்கு,

தங்கை மதலேன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, தம்பி, மூன்று ஆடுகள் எல்லோரும் சுகம். தங்கவயலில் நீயும் மாமாவும் குழந்தையும் பாஸ்குத் திருநாளை நன்றாகக் கொண்டாடியிருப்பீர்கள். நான் ஆறாவதோடு நின்றவள், பிழை இருந்தால் மாமாவிடம் காட்டிச் சிரிக்காதே.

பெரிய வியாழக்கிழமை மத்தியானம் நம் பேண்டு மாஸ்டர் சின்னப்பன் இறந்துவிட்டார். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். மறுநாள் காலையிலேயே அடக்கம் என்றதால், தந்தி கொடுத்தாலும் உங்களால் வந்து சேர முடியாது என்று அப்பா விட்டுவிட்டார். மாமாவிடம் பக்குவமாகச் சொல்.

எத்தனை பேர் சாவுக்கு ஊதினவர்! அவர் சாவுக்கு ஒரு சத்தம் இல்லை அக்கா. பாஸ்கு வரைக்கும் தபசு காலம், வாத்தியம் கூடாது. பெரிய வெள்ளிக்கிழமையில் கோயில் மணிகூட அடிக்கக் கூடாது. உபதேசியார் மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு முன்னால் போனார். கட, கட, கட. பேண்டுக்காரர்கள் பன்னிரண்டு பேரும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் நடந்தார்கள். பெரியண்ணன் சித்தப்பா மட்டும் பெரிய டிரம்மைச் சாக்கில் மூடித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "நான் கும்புடறது மாரியாத்தாளைங்க. எனக்கு ஏதுங்க தபசு?" என்றார். உபதேசியார் முறைத்ததும் சாக்கை இழுத்து இன்னும் நன்றாக மூடிக்கொண்டார்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது புளியமரத்துத் திருப்பத்தில் எல்லோர் கால்களும் தானாக நின்றுவிட்டன. மாஸ்டர் அங்கேதானே திரும்புகால் பாட்டை ஆரம்பிப்பார்! ராயம்மாள் கிழவியைப் புதைத்துவிட்டு வந்த அன்று, அவள் கோழியைக் கூப்பிடுகிற மாதிரியே டிரம்பெட்டில் "பா, பா, பபபபா" என்று ஊதினாரே, அழுதுகொண்டிருந்த மகள்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்களே. கோயில் கணக்குப்பிள்ளைக்குப் பிரசங்க நேரத்துக் குறட்டையை ஊதினார். ஒவ்வொருவருக்கும் அவரவர் சத்தம் ஒன்றைக் கண்டுபிடிப்பார். அவருக்கு யார் கண்டுபிடிப்பது? கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு கட, கட என்று கேட்டது. நடந்தோம்.

அவர் சைக்கிள் கோயில் சுவரில் சாய்ந்தபடியே இருக்கிறது. பெல் இல்லை, பிரேக் இல்லை. பாப்பாரப்பட்டிச் சந்தை முடிந்து மேட்டிலிருந்து கத்திக்கொண்டே இறங்குவாரே, அதே சைக்கிள்தான்.

குழந்தைக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

உன் தங்கை
மதலேனம்மாள்

*

சாம்பியன் ரீப், கோலார் தங்கவயல்
28-4-1971

என் கண்ணு மதலேனுக்கு,

அக்கா எழுதுவது. குழந்தைக்கு இரண்டு பல் வந்துவிட்டது, என் தோளைக் கடித்துப் பழகுகிறான். மற்றபடி எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி?

உன் கடிதத்தை மாமா சுரங்க வேலை முடிந்து வந்ததும் படித்துக் காட்டினேன். அவர் குளித்தார். பெட்டியிலிருந்து கிளாரினெட்டை எடுத்துத் துடைத்தார். மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினார். சாப்பாடு வேண்டாம் என்றார். இரண்டு வருசமாக மாஸ்டர் பெயரைச் சொன்னாலே எழுந்து போகிறவர், அன்றைக்கு அந்தக் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஊரில் எல்லோரையும் பற்றி எழுதினாய். டிரம்பெட் சவரியைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அவன் என்ன ஊரைவிட்டுப் போய்விட்டானா?

அம்மாவுக்கு என் அன்பு.

அக்கா தெரசா

*

சவேரியார்பட்டி
20-5-1971

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி மழை வந்ததும் குறையும் என்று அம்மாவே சொல்கிறாள். கடிக்கிற பல்லுக்கு அப்பா ஒரு மரச் சொப்பு வாங்கி வைத்திருக்கிறார்.

பேண்டு நன்றாக நடக்கிறது. வைகாசியில் ஒன்பது கல்யாணம். பென்னாகரத்திலிருந்துகூட வந்து கூப்பிடுகிறார்கள். இப்போது முன்னால் நிற்பது நீ கேட்ட ஆள்தான். பேண்டுக்காரர்களுக்கு ஒரே ஒரு குறைதான். மாஸ்டருக்குத் திரும்புகால் பாட்டு வாசிக்கவில்லை. வருகிற கல்லறைத் திருநாளில், நவம்பர் இரண்டாம் தேதி, வாசித்துவிட வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள்.

அதற்குப் போசி வேண்டுமாம். உனக்கு ஞாபகம் இருக்கும். நம் வீட்டு அலுமினியப் போசி, சுண்டக் குழம்பு வைக்கிற சின்னது. மாஸ்டர் பெங்களூர் கண்டோன்மென்டில் நடன ஹாலில் வாசித்தபோது ஏதோ ஒரு மூடியை டிரம்பெட் வாயில் வைத்துத் திறந்து மூடி ஊதுவாராம். இங்கே வந்து ஊரில் உள்ள அத்தனை பாத்திரத்தையும் தட்டிப் பார்த்துவிட்டு நம் போசியைத்தான் பிடித்தார். சரியாக உட்காருவதற்கு ஓரத்தில் ஓர் ஒடுக்கும் வைத்துவிட்டார். அதை வைத்து ஊதினால் டிரம்பெட் ஆள் பேசுகிற மாதிரிப் பேசும். சவரி தவலை மூடி, லோட்டா, சாமியார் வீட்டு டீ குவளை எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. ஆடு தும்முகிற மாதிரிதான் வருகிறது.

உன் கல்யாணத்தில் வாசித்ததுதான் அந்தப் போசிக்குக் கடைசி. மறுநாள் காணோம். அன்றைக்கும் பேண்டோடு வாசித்துவிட்டுக் கடைசியாக அதை எடுத்து வைத்தது மாமா என்பதால், "தங்கவயல்ல தனிப் பேண்டு வைக்கப் போறான், அதான் எடுத்துக்கிட்டான்" என்று மாஸ்டர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். மாமா பேண்டுத் தொப்பியைக் கழற்றி அவர் காலடியில் போட்டுவிட்டுப் பஸ் ஏறினார். பழைய கதை. கிளறுகிறேன் என்று நினைக்காதே. சீர்ப் பாத்திரங்களோடு தவறிப்போய் அங்கே ஏதும் வந்ததா? அம்மா கேட்கச் சொன்னாள்.

மாமாவுக்கு என் வணக்கம்.

மதலேன்

*

சாம்பியன் ரீப்
2-6-1971

அன்புத் தங்கைக்கு,

இங்கே நல்ல மழை. குழந்தை தவழ்கிறான். கட்டிலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு அழுகிறான்.

கல்லறைத் திருநாளுக்கு வந்து வாசிக்க முடியுமா என்று மாமாவைக் கேட்டேன். "திருடன்னு சொன்னவருக்கு நான் எதுக்கு ஊதணும்? ஊர்ல வேற ஆளா இல்ல?" என்றார். சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்று அந்தப் பாட்டைச் சீட்டியடித்தார். எனக்குக் கேட்காது என்று நினைத்தார்.

சவரியை நீ "நீ கேட்ட ஆள்" என்று எழுதியிருந்தாய். பெயரை எழுதினால் பேனா சுடுமா?

தம்பியைப் பள்ளிக்கூடத்துக்குத் தவறாமல் அனுப்புங்கள்.

தெரசா

*

சவேரியார்பட்டி
25-6-1971

அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தை தவழ்கிற அழகைப் பார்க்க இங்கே எல்லோருக்கும் ஆசை. நாங்கள் நன்றாக இருக்கிறோம். போசியைப் பற்றி நீ எழுத மறந்துவிட்டாய்.

இங்கே தினமும் ஒரே சண்டை. மாஸ்டர் பாட்டுக்கு எந்தச் சத்தத்தை வைப்பது என்று. நேற்று ராஜாமணி அண்ணன் டீக்கடையில் நடந்ததைத் தம்பி வந்து அப்படியே நடித்துக் காட்டினான்.

"தும்மல்ங்க. மூணு மூணாத்தான் தும்முவாரு" என்று பெரியண்ணன் சித்தப்பா.

"தும்மல எப்படிங்க ஊதறது?" என்று சவரி.

"நீ ஊதறதே தும்மல்தானடா. இன்னும் ரெண்டு சேத்து ஊது."

சவரி, மாஸ்டர் தாளத்துக்குக் காலைத் தட்டுவதை வைக்கலாம் என்றானாம். ராஜாமணி அண்ணன், தன் கடையில் அவர் கடன் சொல்வதை வைக்கலாம் என்றாராம்.

அக்கா, இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எந்தச் சத்தம் என்று எனக்குத் தெரியும்.

தை மாதத்தில் ஒரு நாள் மாஸ்டர் அம்மாவிடம் வேறு பாத்திரம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்க வந்தார். அம்மா இல்லை. நான் வாசலில் புளி ஆய்ந்துகொண்டிருந்தேன். "ஏம்மா, ஊருக்கெல்லாம் நான் ஊதிட்டேன். எனக்கு எதை ஊதுவானுங்க இவனுங்க?" என்று விளையாட்டாகக் கேட்டார். நான் வாயைத் திறக்காமல் கையைக் காட்டினேன். எதைக் காட்டினேன் என்று உனக்கும் எழுதமாட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "அட, தினமும் கேக்கறதால எவன் காதுலயும் விழல. நீ பேசாம உக்காந்து அத்தனையும் கேட்டிருக்கற" என்றார்.

அப்புறம் சொன்னார்: "அவனுங்ககிட்ட முன்னாடியே சொல்லிடாத. முன்னாடியே தெரிஞ்சு வாசிச்சா அது பேண்டு. அந்த இடத்துல காதுல விழுந்து வாசிச்சா அதான் ஜாஸ். திருப்பத்துல நீ சத்தமா எடுத்துக் குடு. அவனுங்க புடிச்சுக்குவானுங்க." நான் தலையை ஆட்டிவிட்டேன்.

அடக்கத்தன்று வாத்தியம் இல்லை என்றதும் எல்லோரும் அழுதார்கள். எனக்கு ஒரு நிமிசம் அப்பாடா என்று இருந்தது. கத்த வேண்டியதில்லையே என்று. அதுதான் என்னை உறுத்துகிறது. கடைக்குப் போனால் உப்பு என்று சொல்லவே எனக்குக் குரல் வராது. ஊர் முழுக்க நிற்கும்போது எப்படிக் கத்துவேன்?

யோசனை சொல்.

மதலேன்

*

சவேரியார்பட்டி
10-8-1971

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லையா? கோபமா? போசியைக் கேட்டது தப்பு என்றால் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள். இங்கே சுகம். கேழ்வரகு நடவு நடக்கிறது. ஒரு கார்டாவது போடு.

மதலேன்

*

சாம்பியன் ரீப்
29-8-1971

மதலேன் கண்ணு,

குழந்தை நலம், கோபம் இல்லை. கோபம் வரவேண்டியது உனக்குத்தான்.

போசி என்னிடம்தான் இருக்கிறது.

கல்யாணம் முடிந்து இங்கே வந்த மூன்றாம் நாள் சீர்ப் பாத்திரச் சாக்கைப் பிரித்தேன். குண்டானுக்குள் சொம்பு, சொம்புக்குப் பக்கத்தில் அது. விருந்து முடிந்ததும் அம்மா நம் வீட்டுப் பாத்திரம்தானே என்று கழுவிக் கட்டிவிட்டிருக்கிறாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மூன்று நாள் பெண்டாட்டி நான். உன் மாமா அப்போது இருந்த கோபத்தில், "என்னைத் திருடன் ஆக்கினது உங்க வூட்டுச் சாக்குதானா?" என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அப்புறம் நேற்றுச் சொல்லாததற்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. இப்படியே இரண்டு வருசம். ஊரில் எல்லோரையும்விட வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான்!

நீ எழுதியதைப் படித்தேன். ஒருத்தி கத்த முடியவில்லையே என்று அழுகிறாள், நான் வாய் இருந்தும் மூடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். இருந்தும் தைரியம் வர இரண்டு மாதம் ஆயிற்று.

போன வெள்ளிக்கிழமை மாமா சாப்பிட உட்கார்ந்தபோது, ரசத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டுப் போசியைக் கழுவி அவர் இலைக்கு முன்னால் வைத்தேன். எடுத்தார். கவிழ்த்தார். ஓரத்து ஒடுக்கில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். "ரெண்டு வருசமா இதுலதான் எனக்கு ரசம் ஊத்தினியா?" என்றார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சுரங்கத்திலிருந்து வரும்போதே தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "மாஸ்டர் சொன்னது சரிதாண்டி! நம்ம வூட்லதான இருந்திருக்குது! நான்தான் இவ்வளவு நாளு அவரு மேல கோவிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்" என்று சொல்லி, சிரித்துக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார்.

உனக்கு நான் என்ன யோசனை சொல்வது? நான் சொன்னேன், செத்துப்போகவில்லை. அதுதான் எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் நீயே சொல். திட்டுவதை எழுதி அனுப்பு.

தெரசா

*

சவேரியார்பட்டி
14-9-1971

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மாவிடம் சொன்னேன். திட்டவில்லை. "ரசத்துக்கு அது நல்ல போசிதான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவரு ஆன்மா இளைப்பாறட்டும், நாந்தான் சண்டை மூட்டிவுட்டேன்" என்று செபமாலையை எடுத்தாள்.

இன்னொன்று கேள். கல்லறைத் திருநாளில் வாசிக்கப் பங்குச் சாமியார் விடுவாரோ மாட்டாரோ என்று யாருக்கும் தெரியவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை டிரம்மைக் கொண்டுபோனதில் அவர் மனம் நொந்திருப்பார் என்று பேண்டுக்காரர்கள் கேட்கவே இல்லை. நான் கோயிலுக்குப் பூ கொண்டுபோனபோது ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துப் போனேன். நீட்டினேன். தாள் கைதவறிப் பூக்கூடையில் விழுந்தது. சாமியாரே எடுத்துப் படித்தார்.

"இதத்தானேம்மா நான் சித்திரை மாசத்துல இருந்து எதிர்பார்த்துட்டு இருக்கேன்! அவங்க துக்கத்துல இருக்காங்கன்னு நான் கேக்கல" என்றார்.

அவர் இவர்களுக்காகக் காத்திருக்கிறார், இவர்கள் அவருக்காகக் காத்திருக்கிறார்கள். ஐந்து மாதம்! சவரியிடம் தம்பி போய்ச் சொன்னதும் பேண்டு அறையிலிருந்து ஊர் அதிர ஒரு சத்தம் வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது. என் தொண்டை மட்டும்தான் பாக்கி. ஆடு மேய்க்கப் போகிற இடத்தில் கத்திப் பார்க்கிறேன். ஆடுகள் திரும்பிப் பார்க்கின்றன.

மதலேன்

*

(கார்டு)

தங்கவயல்
22-10-1971

கொழுந்தியாள் மதலேனுக்கு ஞானராஜ் எழுதுவது. குழந்தைக்கு மணல்வாரி அம்மை. பயப்பட ஒன்றுமில்லை, இறங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் உன் அக்கா வரமாட்டாள். நான் முதல் தேதி சாயங்காலம் கிருஷ்ணகிரி வழியாக வருகிறேன். கிளாரினெட் வருகிறது. பாத்திரமும் வருகிறது. கார்டை எல்லோரும் படிப்பார்கள் என்பதால் எந்தப் பாத்திரம் என்று எழுதவில்லை. தபால்காரருக்கும் என் வணக்கம்.

*

சவேரியார்பட்டி
9-11-1971

என் அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தைக்கு அம்மை முழுக்க இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்று மாமா எழுதிய கார்டு வந்தது. அம்மா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். மாமா பாதிதான் சொல்லியிருப்பார். மீதியை நான் எழுதுகிறேன்.

மாமா பேண்டு அறைக்குள் நுழைந்தார். அவர் துணிப்பையிலிருந்து போசியை எடுத்து நடுவில் வைத்தார். "எடுத்தது எங்க மாமியாருங்க" என்றார். பெரியண்ணன் சித்தப்பா சிரித்த சிரிப்பில் ஆணியில் தொங்கிய தொப்பி ஒன்று விழுந்தது. அது மாமாவின் பழைய தொப்பி. மாஸ்டர் அதை எறியவே இல்லை அக்கா. துடைத்து அவரே ஆணியில் மாட்டி வைத்திருந்தார். மாமா அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு போட்டுக்கொண்டார்.

இரண்டாம் தேதி காலை பூசை முடிந்து எல்லோரும் கல்லறைக்குப் போனோம். கல்லறைகளுக்கெல்லாம் சாமந்தி, மெழுகுவர்த்தி. போகும்போது மெதுவான பாட்டு. மாஸ்டர் கல்லறையில் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். பெரியண்ணன் சித்தப்பா இந்தத் தடவை சாக்கு இல்லாமல், டிரம்மில் இரண்டு அடி மட்டும் அடித்தார். அப்புறம் திரும்பினோம்.

புளியமரத்துத் திருப்பம். சவரி டிரம்பெட் வாயில் போசியை வைத்தான். பாட்டு ஆரம்பித்தது. முதல் சுற்று. இரண்டாவது சுற்று. மாஸ்டரின் சத்தம் வரவேண்டிய இடம் வந்தது. சவரி போசியைத் திறந்தான், மூடினான். ஒன்றும் வரவில்லை. மாமா கிளாரினெட்டில் அதே நாலு சுரத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டு காத்திருந்தார். சவரி தும்மலுக்கு முயற்சி செய்கிறான் என்று தெரிந்தது. மரக்கட்டைச் சத்தம் கேட்டதைவிட அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் பெண்கள் கூட்டத்தில் அம்மாவுக்குப் பின்னால் இருந்தேன். எப்படி முன்னால் வந்தேன் என்று எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டேன். மேட்டிலிருந்து பிரேக் இல்லாத சைக்கிள் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஓரம்ங்க! ஓரம்ங்க! ஓரம் ஓரம் ஓரம்ங்கோஓஓ!"

அக்கா, கூட்டம் முழுக்க வழியைவிட்டு விலகிவிட்டது! சத்தியமாக. உபதேசியார் வேலிப் பக்கம் துள்ளினார். ராஜாமணி அண்ணன் தம்பியை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார். பதினைந்து வருசப் பழக்கம். அப்புறம்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சாமியார் என்றும் சொல்கிறார்கள்.

சவரி உடனே பிடித்துக்கொண்டான். போசி திறந்து மூடி, "ஓ...ரம்ங்க, ஓ...ரம்ங்க" என்று டிரம்பெட் மாஸ்டர் குரலிலேயே கத்தியது. மாமா கிளாரினெட்டில் சைக்கிள் சக்கரம் மாதிரிச் சுற்றினார். பெரியண்ணன் சித்தப்பா டிரம்மில் பள்ளத்தில் விழுந்து எழுந்தார். கோயில் வாசல்வரை, சுவரில் சாய்ந்திருந்த அந்தச் சைக்கிள்வரை, ஊர் முழுக்கச் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் வந்தது. அங்கே நிறுத்தினார்கள். தம்பி போய்ச் சைக்கிள் சீட்டைத் தட்டிவிட்டு வந்தான்.

அம்மா வழியெல்லாம் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "அந்தச் சத்தத்த எங்கடி வெச்சிருந்த?" என்று மட்டும் கேட்டாள்.

மாமா போசியைப் பேண்டு அறையில் ஆணியடித்து மாட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினார். மறுநாளே அம்மா போய், "எம் போசி வந்துருச்சா" என்று எடுத்து வந்து சுண்டக் குழம்பு வைத்துவிட்டாள்.

நேற்று இண்டூரில் ஒரு கல்யாணம். காலையில் சவரி சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றான். அம்மா ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்தாள். முன்பென்றால் நான் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றிருப்பேன்.

"போசி வேணுங்க" என்றான்.

"குழம்பு இருக்குது. வேற சட்டியில ஊத்திட்டுத் தரேன், நில்லுங்க" என்றேன்.

நின்றான். குழம்பை ஊற்றிக் கழுவித் துடைத்துக் கொடுப்பதற்கு நான் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதாதே.

குழந்தைக்கு முத்தம். மாமாவுக்கு வணக்கம்.

உன் தங்கை
மதலேன்